பல் இறக்கிய மிஷின்

ஊசிக்கு அடியில் துணியை நகர்த்துகிற பல்லை இறக்கிவிட்டால் தையல் மிஷின் துணியை இழுக்காது, நாம்தான் நகர்த்த வேண்டும், முன்னால் பின்னால் பக்கவாட்டில் எப்படி வேண்டுமானாலும் போகலாம், அதுதான் இந்தத் தையலில் இருக்கிற சுதந்திரம் என்கிறார்கள், சுதந்திரமாவது மண்ணாங்கட்டியாவது, இடது கை ஒரு பக்கம் போகிறது, வலது கை இன்னொரு பக்கம் போகிறது, கால் மட்டும் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருக்கிறது. வளைவில் கை தயங்கினால் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கடுகளவு முடிச்சு விழுகிறது. பயந்துபோய் வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி ஒடிகிறது. கையும் காலும் ஒரே வேகத்தில் போக வேண்டுமாம். யாருக்குப் போயிருக்கிறது? செல்போனில் வருகிற வெள்ளைக்காரிக்குப் போகிறது. அவள் பேசுவது எனக்குப் புரியாது, சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்ப்பேன், இரண்டு உள்ளங்கையும் தூங்குகிற குழந்தையைத் தடவுகிற மாதிரி துணிமேல் பட்டும் படாமலும் நகரும், கோடு வளைந்து வளைந்து போகும், ஓர் இடத்திலும் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாது. என் கோடு நாலு விரற்கடை போவதற்குள் எங்காவது மூலையில் மாட்டிக்கொள்கிறது, மூன்று பக்கமும் நான் தைத்த கோடே வழியை மறிக்கிறது. அவள் மாட்டிக்கொள்வதே இல்லை, அதனால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று காட்டுவதும் இல்லை. நான் கோட்டை வெட்டிக்கொண்டு போகிறேன். கோணலோ மாணலோ, நிற்கக் கூடாது. துணி வீணாய்ப் போனால் போகட்டும், கரூரில் துணிக்கா பஞ்சம், அவர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கட் பீஸ் பரண் முழுக்கக் கிடக்கிறது. மேலே கட் பீஸ், நடுவில் பஞ்சு ஷீட், அடியில் அவருடைய பழைய வேட்டி, மூன்றையும் சேர்த்து ஊக்கு குத்தியிருக்கிறேன், பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையின் விரல்களை வெட்டி என் விரல்களில் மாட்டியிருக்கிறேன், துணி வழுக்காமல் இருப்பதற்கு. இதற்குக் குயில்ட் என்று பெயர். கரூர் வெயிலில் இதைப் போர்த்திக்கொள்ளப் பிறந்தவர் யாரோ. எனக்கு வேண்டியது துணி இல்லை, சத்தம்.

நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இடது கைப் பக்கம் வாசல் கதவு. முதுகுக்குப் பின்னால் கூடம், கூடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள், அதற்குள் பூபதி. என் மகன். போன ஆடியில் பெங்களூரிலிருந்து வந்தான், பையைக் கீழே வைத்தான், "கொஞ்சம் தூங்கறேம்மா" என்றான், கதவைச் சாத்தினான். அந்தத் தூக்கம் இன்னும் முடியவில்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், இந்த வீட்டில் தை மட்டும்தான் பிறந்தது. அங்கே வேலையில் என்ன நடந்தது, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, பெண் விஷயமா, ஒன்றும் தெரியாது. கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன் என்று தெரிந்தால் மூச்சுக்கூட விட மாட்டான். வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். அப்படி இருந்தபோதுதான் ஒரு மத்தியானம் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால் டக் என்று தாழ்ப்பாள் விலகியது. நிறுத்திவிட்டுத் திரும்பினேன். கதவு சாத்திவிட்டது. மறுநாளும் அப்படியே. எனக்கு விளங்கக் கொஞ்சம் நாள் பிடித்தது, படித்தவள் என்று பெயர்தான். மிஷின் ஓடினால் நான் மிஷினில் இருக்கிறேன், கால் மிதியில், கை துணியில், கண் ஊசியில், முதுகு அவன் பக்கம். சத்தம் கேட்கிறவரை நான் திரும்ப மாட்டேன் என்று அவனுக்கு உறுதி. அந்த உறுதியில் வருவான், சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவான், பாத்ரூம் போவான், திரும்பிப் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். பெற்றவளுக்குப் பயந்து பிள்ளை பூனை மாதிரி நடக்கிற வீடு. எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது, கால் மட்டும் நிற்கவில்லை.

ஆனால் தலையணை உறைக்கு மூலை இருக்கிறதே. மூலைக்கு மூலை நிறுத்த வேண்டும், துணியை அழுத்துகிற மிஷின் பாதத்தைத் தூக்க வேண்டும், துணியைத் திருப்ப வேண்டும். ஒரு தடவை நான் மூலையில் நிறுத்திய நேரம் அவன் சமையலறையில் இருந்தான். கிண்ணம் விழுகிற சத்தம், ஓடுகிற சத்தம், தாழ்ப்பாள். தரையெல்லாம் புளிக்குழம்பு, அதில் அவன் காலடி, கூடத்தைத் தாண்டி அவன் கதவு வரைக்கும். துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனவள் துடைக்காமல் உட்கார்ந்துவிட்டேன். பாதம் பெரிதாகியிருக்கிறது என்று நினைத்தேன், இருபத்தாறு வயதுப் பிள்ளைக்குப் பாதம் வளருமா, நான்தான் எவ்வளவோ நாளாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மிஷின் ஓடினாலும் வரவில்லை, பச்சைப்பயறு கடைந்து வைத்தும் வரவில்லை, அந்த நாட்களில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நேர்த்தையல் எதுவாக இருந்தாலும் எங்கேயாவது ஓரிடத்தில் முடிந்துதான் ஆக வேண்டும். முடியாத தையல் ஒன்று இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போய்த்தான் வெள்ளைக்காரியிடம் சேர்ந்தேன். பல்லை இறக்கினால் மூலை கிடையாது, துணியைத் திருப்புவது கிடையாது, அடி நூல் தீருகிறவரை போய்க்கொண்டே இருக்கலாம். ரிப்பேர் கடைக்காரர் ஸ்பிரிங் வைத்த பாதத்தைக் கையில் கொடுத்து, "எம்ப்ராய்டரி கிளாஸ் எடுக்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டு அமுதா, "என்னக்கா, சீருக்கு வந்த மிஷினுக்கு இப்பத்தான் வேல வந்துச்சா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

இந்த ஸ்பிரிங் பாதம் துணியை அழுத்தாது, மேலே குதித்துக்கொண்டிருக்கும். அதுதான் அழுத்தவில்லையே என்று பின்னால் இருக்கிற பாதக் கம்பியை இறக்க மறந்துவிடுவேன், இதோ இப்போதும் மறந்திருக்கிறேன், அடியில் விரலை விட்டால் கொசகொசவென்று தட்டுப்படுகிறது. கம்பியை இறக்காவிட்டால் மேலே தையல் ஒழுங்காகப் போகிற மாதிரிதான் இருக்கும், அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருக்கும், கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஓடுகிற ஓட்டத்திலேயே கம்பியை இறக்கியாயிற்று, விழுந்த சிக்கு விழுந்ததுதான். மேலே பார்த்தால் அவனும் நன்றாகத்தான் இருந்தான். "சாப்ட்டேம்மா." "நல்லா இருக்கேம்மா." "வேல இருக்குதும்மா, வெச்சிரட்டுமா?" தினமும் இந்த மூன்றும்தான் போனில், இந்த வரிசையில்தான், நானும் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு, சரி சாமி வெச்சிரு என்று வைத்தேன். எந்த நாள் சாப்ட்டேம்மா பொய்யானது? எந்த நாள் நல்லா இருக்கேம்மா பொய்யானது? வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்திருப்பேன், பஸ் ஏறிப் போயிருப்பேன், போய், வெங்காயம் உரித்துக் குழம்பு வைத்திருப்பேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். நாத்தனாருக்குத் தெரிந்த வைத்தியம் குணசீலம் கோயில், "பெருமாள் சன்னதில கொண்டாந்து உக்கார வெய்ங்கண்ணி, தானாத் தெளிஞ்சிரும்" என்கிறாள், உட்கார வைப்பதற்கு அவனை முதலில் கண்ணால் பார்க்க வேண்டுமே என்றால் கோயில் தீர்த்தம் அனுப்புகிறாள்.

இன்று காலை அவர் காபியைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, கோபமென்றால் கத்துவார், பயமென்றால் கத்தக்கூட மாட்டார், காலையில் கத்தவில்லை. "ஆசாரிகிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார். "சாயங்காலம் கூட்டியாறேன். அந்தத் தாப்பாளக் கழட்டிப்போடலாம்." "உள்ளுக்குள்ள போட்டிருக்கறத வெளிய இருந்து எப்படிங்க கழட்டறது?" என்றேன். "ஒடச்சாச்சும் கழட்டறதுதான்." பிறகு குரலை இறக்கி, "அந்த ரூமுல மேல ஃபேன் இருக்குது துளசி. அத நெனச்சா எனக்குக் கண்ண மூட முடியுதா?" என்றார். எனக்கு மட்டும் முடிகிறதா? ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டால் உயிர் இருக்கிறது என்று படுப்பேன், சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன், கரண்ட் போனால் வருகிறவரை சாமி பெயரை எல்லாம் சொல்வேன். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, செய்யவில்லை, ஆனாலும் அந்த நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டது, வந்த விருந்தாளி போகிற மாதிரி இல்லை. "நாளைக்குக் காலைல மச்சான் காரக் கொண்டாறேன்னாரு" என்றார். "நாலு பேராப் புடிச்சு ஏத்திக் கோயமுத்தூர் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயர்லாம்." நாலு பேராகப் பிடித்து. பூபதியை. சந்தைக்கு ஆடு ஏற்றுகிற மாதிரி. "இன்னுங் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க, தானா வருவான்." "தானா வந்தா நான் எதுக்கு ஆசாரியத் தேடறேன்?" என்று சொல்லிவிட்டு ஆறிப்போன காபியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போனார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் பக்கம் என்ன நியாயம் என்று கேட்டால் ஒரு மிஷின் சத்தம்தான் இருக்கிறது. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் என்னை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கதவு மறைவில் நின்று பிடித்துவிடுவார், அப்புறம் பூபதிக்கு இந்த உலகத்தில் நம்புவதற்கு எது மிச்சமிருக்கும்?

ஆகவே சாயங்காலத்துக்குள் அவன் தானாக வந்தாக வேண்டும். ஒன்றும் பெரிதாக வேண்டாம், கூடத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், அவர் ஆசாரியோடு வரும்போது மகன் நாற்காலியில் இருப்பான், அவருக்கு வாய் அடைத்துப் போகும், ஆசாரிக்கு டீயைக் கொடுத்து அனுப்பிவிடலாம். இதைத்தான் காலையிலிருந்து நினைத்து நினைத்து மிதிக்கிறேன். சோறு ஆறிவிட்டது. அமுதா வீட்டு டிவியில் யாரோ அழுது முடித்து விளம்பரம் போடுகிறார்கள். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மிஷின்மேல் ஏறிவிட்டது, ரப்பருக்குள் விரல் வெந்து ஊறிக் கிடக்கிறது. அவனிடம் சொல்லிவிடலாமா? ஆசாரி வருகிறார், நீயாக வந்துவிடு சாமி என்று சத்தமாகச் சொன்னால் கதவு வழியாகக் கேட்கும். கேட்டால் என்ன செய்வான், கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுப்பான். அதற்குமேல் என்ன செய்வான் என்பதை நான் நினைக்க மாட்டேன். நினைக்க மாட்டேன் என்று நினைக்கும்போதே மேலே ஃபேன் இறக்கை மூன்றும் தெரிகிறது. கை தயங்குகிறது, முடிச்சு விழுகிறது. சொல்லாவிட்டால் நானும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தவள். மெல்லவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. வராமலே போனால்? இன்றைக்குப் பார்த்துத் தூங்கிவிட்டால்? நாளைக் காலையில் நாலு பேர், அதில் என் தம்பியும் இருப்பான், சின்ன வயதில் பூபதியைத் தோளில் தூக்கித் திரிந்தவன், அவன்தான் காலைப் பிடிப்பான் என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது. பூபதி என்னைத் தேடுவான். நான் எங்கே நிற்பேன்? வாசலில் நிற்பேனா, சமையலறைக்குள் போய்விடுவேனா? போய்விடுவேன் என்றுதான் தோன்றுகிறது. என்னை எனக்குத் தெரியாதா?

டக்.

வந்துவிட்டான். கோடு எங்கோ ஓடுகிறது, ஓடட்டும், கால் நிற்காமல் இருக்கிறது, என் காலை நான் கும்பிட வேண்டும். கூடத்தில் காலடி. சமையலறை. மூடியைத் திறக்கிறான், கரண்டி, சாப்பிடுகிறான், வாய் நிறைய வைத்து அவசர அவசரமாகச் சாப்பிடுகிறான் என்று முதுகுக்குத் தெரிகிறது. கைச்சக்கரத்தின் பளபளப்பில் இருட்டாக ஏதோ அசைகிறது, அதைக்கூட உற்றுப் பார்க்க மாட்டேன், பார்த்தாலும் திரும்பின மாதிரிதான். மெதுவா சாமி. தண்ணி குடி. நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன், உட்காரேன். தட்டைக் கழுவுகிறான். குழாயை மூடுகிறான். காலடி வருகிறது, அறைப்பக்கம் போகவில்லை, எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. வியர்வையும் அழுக்கும் சேர்ந்த வாடை, பிள்ளையின் வாடை என்று எதுவும் அதில் இல்லை, எனக்கு அது போதும். "ம்மா" என்றான். கட்டைக் குரல், ரொம்ப நாள் பேசாமல் துருப்பிடித்த குரல். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். "குளிக்கணும்." "ம்." "கொஞ்ச நேரம் ஓட்டறியா?"

தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் இந்தக் கோணல் தையலெல்லாம் யாருக்கு என்று தெரிந்தே வந்து தின்றிருக்கிறான், கழுதை, என் தங்கம். "ஓட்டறேன் சாமி, நீ நல்லாத் தலைக்கு ஊத்திட்டு வா" என்றேன். காலடி போனது, பாத்ரூம் கதவு, தாழ்ப்பாள், வாளியில் தண்ணீர். எப்போது குளித்தானோ. துண்டு இருக்கிறதா, இருக்கிறது, காலையில்தான் போட்டேன். சோப்பு? அதுவும் இருக்கிறது. மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுகிறான், தண்ணீர் தலையில் விழுந்து தரையில் அடிக்கிற சத்தம், ஊற்று, தொட்டி காலியானாலும் பரவாயில்லை, ஊற்று. வெளியே வந்ததும் சொல்லிவிடுவேன். நாற்காலியில் உட்கார வைத்து ஆசாரி வருவதைச் சொல்லிவிடுவேன். குளித்த பிள்ளையை யாரும் நாலு பேராகப் பிடிக்க மாட்டார்கள். இப்போது பாருங்கள், கையும் காலும் ஒரே வேகத்தில் போகிறது, தையல் அரிசி அரிசியாக விழுகிறது, வெள்ளைக்காரி வந்து பார்க்கட்டும். மேல் நூல் அறுந்துவிட்டது. அறுந்தால் என்ன? நூல் இல்லாமலே ஓட்டுகிறேன்.

அப்போது வாசல் கதவு நகர்கிறது. சாயங்காலம் என்றாரே, வெயில் இன்னும் இறங்கவே இல்லையே. அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் ஆசாரி, பையோடு. அவர் பூபதியின் அறையைப் பார்க்கிறார். கதவு விரியத் திறந்து கிடக்கிறது. பாத்ரூமில் தண்ணீர் விழுவதைக் கேட்கிறார். என்னைப் பார்க்கிறார், மிஷினைப் பார்க்கிறார், எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு, எனக்கு விளங்கக் கொஞ்சம் நாள் ஆனது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நான் வேண்டாமுங்க என்று தலையை ஆட்டுகிறேன். அவர் கையைத் தூக்கி வட்டமாகச் சுழற்றிக் காட்டுகிறார், ஓட்டு, ஓட்டு என்று. கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சத்தம் ஆகாத மனிதர், அவர் கண்ணெல்லாம் தண்ணீர். ஆசாரி பூபதியின் அறைக்குள் போய்விட்டார். தாழ்ப்பாளைக் கழற்றுகிற திருப்புளி மரத்தில் பிடிக்கிற சத்தம் எனக்கே கேட்கவில்லை, என் சத்தம் அதை மூடிவிட்டது. நிறுத்தலாம். நிறுத்தினால் பூபதிக்கு விளங்கிவிடும், பாத்ரூம் தாழைத் திறக்கவே மாட்டான், ஈரத்தோடு எத்தனை நேரம், அங்கே ஃபேன் இல்லை என்று ஒரு எண்ணம் வருகிறது, சீ, என்ன பிறவி நான். ஓட்டினால் தாழ்ப்பாள் போகும். போகட்டுமே, போனால்தானே டாக்டர். ஓட்டுவதாகச் சொன்னேனே, சொன்னதைத்தானே செய்கிறேன். இப்படியும் அப்படியும் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், கால் எதையும் கேட்காமல் மிதிக்கிறது, ஊசி வெறும் துளையாகப் போட்டுக்கொண்டு போகிறது.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. துவட்டுகிறான். "ம்மா" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறான், தொண்டை கொஞ்சம் திறந்திருக்கிறது. "ஆச்சும்மா. நிறுத்திக்க, வர்றேன்."

நிறுத்திக்க. சத்தம் வேண்டாம் என்கிறான். என் முகத்துக்கு நேராக வருகிறேன் என்கிறான். அவருக்கும் கேட்டுவிட்டது, சுழன்றுகொண்டிருந்த கை அப்படியே நின்று கீழே விழுகிறது. ஆசாரி கூடத்துக்கு வந்து, கழற்றிய தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு இனி என்ன என்று எங்கள் இருவரையும் பார்க்கிறார். மாட்டிவிடுங்க, மாட்டிவிடுங்க என்று கையால் காட்டுகிறேன், அதை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாத்ரூம் தாழ்ப்பாள் விலகத் தொடங்குகிறது. நான் காலை எடுக்கிறேன். சக்கரம் தானாகச் சுற்றி ஓய்கிறது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. அந்த அமைதியில் ஆசாரியின் விரலிடுக்கிலிருந்து ஒரு ஸ்க்ரூ நழுவித் தரையில் விழுந்து, கூடத்தின் குறுக்கே உருண்டு, சுவரில் முட்டி நிற்கிறது. பாதி விலகிய பாத்ரூம் தாழ்ப்பாளும் நிற்கிறது. பிறகு மெதுவாக, சத்தமே வராமல் இருக்க வேண்டும் என்பதுபோல, திரும்பப் போட்டுக்கொள்கிறது.